இழவுச் சேதி

சென்னியப்பன் போய்விட்டான் என்று காலை பஸ் கண்டக்டர் அவன் ஊரான கொழிஞ்சாம்பாறையில் சேதி சொன்னார். மத்தியானத்துக்குள் ஒரு லாரி நிறையச் சனம் பாலக்காட்டு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியது.

கடைசியாக, கையில் மாலையோடு ஆறுச்சாமி இறங்கினார். சென்னியப்பனின் கூடப்பிறந்த அண்ணன். வரப்புத் தகராறில் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

சென்னியப்பனின் மனைவி மருதாத்தாள் வாசலில் நின்றிருந்தாள். கண்ணில் ஈரம் இல்லை.

"எப்பம்மா உசுரு போச்சு?" என்றார் ஆறுச்சாமி.

"எல்லாரும் வந்துட்டாங்களா மாமா?"

"எழவுக்கு வராம இருப்பாங்களா?"

"அப்ப உள்ள வாங்க."

உள்ளே ஒரு நர்ஸ் ஊசியோடு காத்திருந்தாள். "ரத்தம் குடுக்க வந்தவங்கதானே? வரிசையா நில்லுங்க."

சனம் திகைத்தது. திறந்திருந்த கதவு வழியே சென்னியப்பன் தெரிந்தான். காலெல்லாம் கட்டு, ஆனால் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"உசுரோட இருக்கறவனையா செத்துட்டான்னு சொல்லி உட்டே?" என்று கத்தினார் ஆறுச்சாமி.

"டிராக்டர் கவுந்து ரத்தமெல்லாம் போயிருச்சு, குடுக்க வாங்கன்னு நேத்தே சொல்லி உட்டனுங்க. ஊசிக்குப் பயந்து ஒருத்தரும் வரலீங்க." மருதாத்தாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "நீங்களும், அவன் செத்தாத்தான் அவன் மூஞ்சில முழிப்பேன்னு சொல்லியிருந்தீங்க. அதனாலதான் மாமா, செத்துட்டார்னு சொல்லி உட்டேன்."

ஆறுச்சாமி கையிலிருந்த மாலையைச் சன்னல் வழியே வெளியே வீசிவிட்டு, சட்டைக் கையை மடக்கினார்.

"ஒரே வயித்துல பொறந்தவன் நானு. மொதல்ல எனக்குக் குத்தச் சொல்லும்மா."