கயல்பரிதி டாட் காம்

இறந்துபோன கணவனின் பிறந்தநாளுக்கு வழக்கம்போல எழுதிய மெயில் இந்த வருஷம் திரும்பி வந்தது. அப்போதுதான் கயல்பரிதி டாட் காம் காலாவதியாகி ஏலத்துக்குப் போயிருப்பது கயல்விழிக்குத் தெரிந்தது. கல்யாணமான புதிதில் பரிதி ஆசையாக வாங்கிய இணையதளப் பெயர். அவன் மெயில் முகவரியும் அதில்தான். பத்து வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டிவிட்டுப் போயிருந்தான். புதுப்பிக்கச் சொன்ன நினைவூட்டல்கள் எல்லாம் அவனுடைய இன்பாக்ஸிலேயே போய் விழுந்திருந்தன. அதை அவள் ஒருநாளும் திறந்ததில்லை, எழுதுவதோடு சரி.

ஏலத்தில் அவள் கேட்கக் கேட்க ஒருவன் விலையை விடாமல் ஏற்றிக்கொண்டே போனான். தளம் வழியாக நம்பர் கேட்டு வாங்கிக் கூப்பிட்டாள்.

"என் பேரும் பரிதிதான் மேடம். கட்டிக்கப்போறவ பேரு கயல். இந்த வெப்சைட் பேரு எப்படியும் கிடைச்சிடும்னு கல்யாணப் பத்திரிகையில அடிச்சு ஊரெல்லாம் குடுத்துட்டோம்."

பின்னால் ஒரு பெண், "நல்லா கெஞ்சிக் கேளுடா" என்றாள்.

கயல்விழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் பரிதியும் மண்டபம் கிடைப்பதற்கு முன்பே பத்திரிகை அடித்துவிட்டு நாயாய் அலைந்தவன்தான்.

"எடுத்துக்கங்க தம்பி. பரிதிங்கிற முகவரிக்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு மெயில் வரும். அதைத் திருப்பி அனுப்பிடாதீங்க."

"யார்கிட்டேருந்து மேடம்?"

"கயல்னு போட்டிருக்கும்" என்றாள்.