புல்தரை போட வந்த புது ஆள்

வேனின் பின்கதவு திறந்ததுமே புது ஆளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. இந்த வீடா! தோட்டம் போடும் தொழிலைப் பழகச் சேர்ந்த முதல் நாளேவா இப்படி வந்து மாட்ட வேண்டும்?

வாசலில் நிற்கும் வீட்டுக்காரி தன் முகத்தைப் பார்த்துவிட்டால் தொலைந்தான். தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டு, மூக்கை மறைத்துக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டான்.

"என்னய்யா, திருட வந்தவன் மாதிரி?" என்றார் மேஸ்திரி.

"தூசி ஒத்துக்காதுங்க" என்று முணுமுணுத்தான்.

"நாப்பது வயசுல மண்ணு வேலைக்கு வந்துட்டு, தூசி ஒத்துக்காதா? வெளங்கிடும்! அந்தப் புல்லைத் தூக்கு. கைய விட்டா பொலபொலன்னு உதிர்ந்துடும்."

பாய் போலச் சுருட்டிய ஈரப் புல்தரையை இரண்டு கைகளிலும் ஏந்தி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். வீட்டுக்காரி நெருங்கி வந்தாள்.

"இவர் ஏன் அந்தப் பக்கமே பார்க்குறாரு?"

"முதல் நாளும்மா. புதுப் பொண்ணு மாதிரி கூச்சம்."

அவள் சிரித்தாள். "என் வீட்டுக்காரர் ஆபீஸ்லேர்ந்து வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க. அவருக்குப் பிரமோஷன் கிடைச்சிருக்கு. சொல்லாம செஞ்சு அசத்தப் போறேன்."

"எப்ப வருவாரும்மா?"

"இருங்க, கேட்டுடறேன்." செல்போனைக் காதில் வைத்தாள்.

புது ஆளின் சட்டைப்பையில் மணி அலறியது. புல்லைக் கீழே போடவும் முடியாமல், போனை அணைக்கவும் முடியாமல் அவன் விழித்தான்.

"கையில பாரமா இருக்கு. இரு, நானே எடுக்குறேன்." மேஸ்திரி பைக்குள் கைவிட்டுப் போனை எடுத்து, திரையை எட்டப் பிடித்துப் படித்தார்.

"வேற யாருமில்லய்யா, 'வீட்டம்மா'ன்னு வருது. பேசுறியா?"