இடது கைக் காப்பு

காப்பு அவர் கையிலிருந்து நழுவி மெத்தையில் விழுந்தது. மூன்றாவது முறை.

கூடத்தில் பழைய நகை வாங்கும் திருமாறன் காத்திருக்கிறான். ஃபீனிக்ஸிலிருந்து ஏழு மணி நேரம் வண்டி ஓட்டி, காலிப் பெட்டியோடு வந்திருக்கிறான்.

அவனைக் கூப்பிட்டது அவர்தான். இனிமேல் என்னால் போட முடியாது, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்று போனில் சொன்னதும் அவர்தான்.

எல்லாம் நவஹோ பழங்குடி ஆசாரிகள் அடித்த பழைய வெள்ளி. டர்க்காய்ஸ் என்னும் வான்நீலக் கல் பதித்தது. முப்பது வருடம் நியூ மெக்சிகோ முழுக்க அலைந்து சேர்த்தார்.

எதையும் கண்ணாடிக்குள் பூட்டியதில்லை. ஆபீஸுக்குப் போட்டார், காய்கறிக் கடைக்குப் போட்டார், மச்சினன் கல்யாணத்துக்கும் போட்டார். "என்ன மாப்பிள்ளை, வளையலா?" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று மறுநாள் இன்னொன்றும் சேர்த்துப் போட்டுக்கொண்டார்.

தன் கையால் போட முடியாததை வைத்திருக்கக் கூடாது. அவரே வைத்த சட்டம்.

பிப்ரவரியில் பக்கவாதம் வந்து வலது கையைக் கொண்டுபோனது. பாதிதான் திரும்பி வந்தது.

இடது கையால் எடுத்து வலது கையில் மாட்டிக்கொள்ளலாம். சுலபம். ஆனால் அது அழுகுணி ஆட்டம். இந்தக் காப்பு இடது கைக்கே பழகியது. அந்தத் தோலின் எண்ணெய் பட்டுப் பட்டு நடுக்கல் பச்சையாகிவிட்டது.

"குடுங்க, நான் மாட்டிவிடுறேன்." கதவருகே மனைவி செண்பகவல்லி.

வேண்டாம் என்று தலையசைத்தார்.

காப்பின் திறந்த வாயை விரித்துப் போட்டால் பழைய வெள்ளி ஒருநாள் ஒடிந்துவிடும். மணிக்கட்டின் பக்கவாட்டில் ஒரு நுனியை நுழைத்து, அப்படியே உருட்ட வேண்டும். வலது விரல்கள் பிடிக்கின்றன. உருட்டத்தான் மாட்டேன் என்கின்றன.

மறுபடி எடுத்தார். பிடித்தார். நுனியை வைத்தார்.

காப்பு உருளவில்லை.

கோபம் வந்தது. காப்புதான் உருள வேண்டுமா? கை உருளட்டுமே.

இடது கையைத் திருப்பினார்.

மெல்ல.

எலும்பில் வெள்ளி சில்லென்றது. இன்னும் கொஞ்சம்.

ஏறிவிட்டது.

செண்பகவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். அவருக்குத் தெருவே கேட்கும்படி கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. கழற்றினார். மறுபடியும் போட்டார்.

கூடத்துக்கு வந்தார்.

திருமாறன் எழுந்தான். அவன் பார்வை மணிக்கட்டுக்குப் போய் அங்கேயே நின்றது. திறந்து வைத்திருந்த பெட்டியை மெதுவாக மூடினான்.

"இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க தம்பி," என்றார். "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."