கிணற்று நீச்சல்

"அண்ணா, அடுத்தது நீங்கதானுங்க!"

தண்ணீரிலிருந்து சக பண்ணைக்காரன் தமிழரசு கையசைத்ததும் சென்னிமலை படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

நாமக்கல்லில் கிளம்பினதிலிருந்து நாலு நாளாக அவர் வாய் ஓயவில்லை. தீவனக் கம்பெனி செலவில் அந்தமானுக்கு வந்திருந்த பன்னிரண்டு கோழிப்பண்ணைக்காரர்களுக்கும் அவருடைய நீச்சல் கதை மனப்பாடம். நாற்பதடிக் கிணறு, மேட்டிலிருந்து தலைகீழ்ப் பாய்ச்சல், அடிமண்ணை அள்ளி வந்து காட்டுவது.

"கடலென்னுங்க கடல்? அகலமான கெணறு, அவ்ளோதான்!" என்று காலையில்கூட இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்.

உண்மையில் மனிதர் ஜென்மத்தில் இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டியதில்லை. பண்ணைக் கிணற்றில் மோட்டார்க் குழாயின் அடியிலிருக்கும் ஃபுட்வால்வு அடைத்துக்கொண்டால்கூட, "எனக்குச் சளிங்க" என்று கூலிக்கு ஆள் இறக்குகிறவர்.

படகுக்குக் கீழே, என்றைக்கோ முழுகிப்போன சரக்குக் கப்பல் ஒன்று கிடந்தது. முகத்தில் கண்ணாடியும் வாயில் மூச்சுக்குழாயுமாக மற்றவர்கள் குப்புற மிதந்து அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்த சென்னிமலைக்குத் தெரிந்தது கறுப்பாக ஒரு நிழல்தான். சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"தைரியமா இறங்குங்க சார். லைஃப் ஜாக்கெட் இருக்கு, நானும் கையைப் பிடிச்சுக்கறேன்" என்றான் ஏணியடியில் மிதந்த கைடு ஜூட்.

இறங்கினால் உயிர் போய்விடும். இறங்காவிட்டால் மானம் போய்விடும். எது போனால் பரவாயில்லை என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. ஒரு காலை ஏணியில் வைத்தார்.

"ஐயோ, வேண்டாமுங்க!"

மனைவி வசந்தாமணி அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"என்னைத் தனியா வுட்டுப்போட்டுப் போகாதீங்க. தண்ணியக் கண்டாலே எனக்கு மயக்கமா வருது. உங்க காலுல வேணாலும் உழுகறேன்!"

தண்ணீரில் மிதந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"என்னுங்கக்கா, அண்ணனோட ஆசையைக் கெடுக்கறீங்களே!" என்றான் தமிழரசு.

சென்னிமலைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே குரலும் வந்தது.

"சனியனே, இதுக்குத்தான் ஊட்லயே இருன்னு சொன்னேன்! கட்டிக்கிட்டு வந்த இருவத்தெட்டு வருசத்துல கெணத்து மேட்டுப் பக்கம் எட்டிப் பாத்திருக்கறாளான்னு கேளுங்க. பயந்தாங்கொள்ளி! நீங்க போய்ப் பாருங்கப்பா, எனக்குக் குடுத்து வெக்கல."

வசந்தாமணி தலையைக் குனிந்துகொண்டாள். ஜூட் எல்லோரையும் கூட்டிக்கொண்டு கப்பலின் மறுமுனைக்கு நீந்திப் போனான். படகோட்டி முன்பக்கத்தில் நங்கூரக் கயிற்றோடு மல்லாடிக்கொண்டிருந்தார்.

சென்னிமலையோ இன்னும் அடங்கவில்லை. "எனக்கெல்லாம் இது எதுக்கு?" என்று லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி வீசிவிட்டு, படகின் பின்விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு ஜம்மென்று உட்கார்ந்தார்.

ஓர் அலை வந்தது. படகு ஒருக்களித்தது. அவ்வளவுதான்.

காதுக்குள் தண்ணீர். மூக்குக்குள் தண்ணீர். கத்துவதற்காக வாயைத் திறந்தார், அதற்குள்ளும் தண்ணீர். காலுக்கடியில் கப்பல் மங்கலாகத் தெரிந்தது, பக்கவாட்டில் ஒரு பெரிய ஓட்டையோடு. அந்த இருட்டுக்குள்தான் போய்க்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தார். அவர் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. குலதெய்வத்தின் பெயர்கூட ஞாபகம் வரவில்லை, வசந்தா என்ற பெயர்தான் வந்தது.

யாரோ பின்னாலிருந்து அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து மேலே இழுத்தார்கள். வெளிச்சம் வந்தது. காற்று வந்தது. ஜூட்தான் என்று திரும்பிப் பார்த்தார்.

வசந்தாமணி!

சேலையை வரிந்து கட்டியிருந்தாள். ஒரு கையில் அவர் முடி. மறு கையால் ஏணியை நோக்கி நிதானமாக நீந்திக்கொண்டிருந்தாள்.

"வசந்தா... உனக்கு நீச்சல்..."

"வெண்ணந்தூர்ல எங்கப்பன் கெணத்துல எட்டு வயசுல பழகுனதுங்க. பேசாதீங்க, மூச்சு வுடுங்க."

"இத்தன வருசமா சொல்லவே இல்லியே?"

"நீங்க கெணத்துக் கதை சொல்றப்ப குறுக்க எப்படிங்க பேசறது?"

தண்ணீரில் இரண்டு தலைகளைப் பார்த்துவிட்டுப் படகோட்டி கூச்சல் போட்டார். மறுமுனையில் எல்லோரும் நிமிர்ந்தார்கள். தமிழரசு பதறியடித்து நீந்தி வந்தான்.

"என்னுங்ணா ஆச்சு?"

அதற்குள் சென்னிமலையின் கை ஏணியில் இருந்தது. வசந்தாமணி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள்.

"நாந்தானுங்க தலை சுத்தி உழுந்துட்டேன். இவரு குதிக்கலீன்னா இந்நேரம் நான் போயிருப்பேன்."

"பாத்தீங்களா, கெணத்துல பழகுன கை!" என்று தமிழரசு கத்தினான். எல்லோரும் கை தட்டினார்கள். ஜூட்கூடத் தட்டினான்.

நடந்ததைச் சொல்லிவிடத்தான் சென்னிமலை வாயைத் திறந்தார். இருமலும் உப்புத் தண்ணீரும்தான் வந்தன.

வசந்தாமணி அவர் காதோடு சொன்னாள்:

"சும்மா இருக்காதீங்க. என்னைத் திட்டுங்க, அப்பத்தான் நம்புவாங்க."