அமைச்சர் எழுந்து போன கேள்வி

மேடையேறுவதற்கு முன் அந்த முன்னாள் வெளியுறவு அமைச்சரின் கோட்டில் ஒரு நூல் ஒட்டியிருந்தது. மொழிபெயர்ப்பாளர் இனேஸ் கை நீட்டி அதை எடுத்துவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே அவளது தோளில் தட்டினார்.

முன்வரிசையில் இருந்த தர்மலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பாத்தியா, என்ன உபசாரம்!”

“மெல்லக் கதையுங்கோ அப்பா,” என்றாள் மகள் வினோஜா. “அந்த மொழிபெயர்ப்பாளரும் அவரின்ரை நாடுதானாம். குமராய் இருக்கேக்கை ஒஸ்லோவுக்கு வந்தவவாம்.”

“அப்ப நான் கேக்கிறதை அவள் ஒழுங்காச் சொல்லுவாள் எண்டு நினைக்கிறியே?”

மேடையில் அறிமுகம் நடந்தது. தென்னமெரிக்காவிலுள்ள தன் நாட்டில் இராணுவ ஆட்சி நடந்த காலத்தில், பக்கத்து நாட்டிலிருந்த அதன் தூதரகத்தில் இளம் செயலாளர். அடுத்துத் தூதர். பிறகு ஜெனீவாவில் ஐ.நா. சபையில் தன் நாட்டின் பிரதிநிதி, கடைசியில் வெளியுறவு அமைச்சர். இப்போது நாடு நாடாகப் போய்ச் சமாதானம் பேசுகிறார்.

மண்டபம் கை தட்டியது. தர்மலிங்கம் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

இலங்கைப் போரை விசாரிக்கத் தேவையில்லை என்று ஜெனீவாவில் கை தூக்கியவர்களில் இந்த மனிதரும் ஒருவர். அந்தப் போரின் முடிவில் இராணுவத்திடம் சரணடைந்து பஸ்ஸில் ஏற்றப்பட்ட தர்மலிங்கத்தின் தம்பி சற்குணம் இன்றுவரை திரும்பவில்லை. காய்ச்சலோடு ஒஸ்லோவின் புறநகர் ரொம்மனிலிருந்து தர்மலிங்கம் வந்தது இவரை ஒரு கேள்வி கேட்கத்தான்.

ஒலிவாங்கி கைக்கு வந்தது. எழுந்து நின்று நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

“ஸ்ரீலங்காவில் சரணடைந்த என் தம்பி எங்கே? விசாரணை வேண்டாமென்று ஏன் கை தூக்கினீர்கள்?”

கேட்டுவிட்டு உட்காராமல் நின்றார்.

அமைச்சர் இனேஸின் பக்கம் காதைச் சாய்த்தார். அவள் ஸ்பானிய மொழியில் தொடங்கினாள். குரலை உயர்த்தாமல், அவரது முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், சொல்லிக்கொண்டே போனாள்.

“நான் கேட்டது ரெண்டு வசனம். இவள் என்ன பிரசங்கம் வைக்கிறாள்?”

“அப்பா, ஸ்ரீலங்கா எண்ட சொல்லே வரேல்லை.”

“எனக்குத் தெரியும்! மாத்திச் சொல்லி ஆளைக் காப்பாத்திறாள். வெக்கங்கெட்டவள்!”

அமைச்சரின் சிரிப்பு மெல்ல வற்றியது. அவர் ஏதோ கேட்டார். இனேஸ் ஒரேயொரு சொல்லில் பதில் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது. காலரில் செருகியிருந்த சின்ன ஒலிவாங்கியைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்தார். சபையைத் திரும்பிப் பார்க்காமலே பக்கக் கதவால் போனார். கூட்டம் நடத்தியவர்கள் பின்னால் ஓடினார்கள்.

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். தர்மலிங்கத்தின் முதுகில் ஒருவர் தட்டிக்கொடுத்தார். அவருக்கோ ஆத்திரம் இரட்டிப்பானது. இத்தனை வருடம் நெஞ்சுக்குள் கிடந்த கேள்விக்குப் பதில் வரவில்லையே!

வினோஜா கையைப் பிடித்து இழுத்தும் நிற்காமல் மேடைக்குப் போனார்.

“என்ன பதில் சொன்னார்?” என்று நோர்வேஜிய மொழியில் அதட்டினார்.

“ஒன்றும் சொல்லவில்லை.”

“எப்படிச் சொல்வார்? நீ என் கேள்வியை மாற்றிவிட்டாய். உன் நாட்டுக்காரன் என்றதும் பாசம் வந்துவிட்டது, இல்லையா?”

இனேஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மன்னியுங்கள். உங்கள் கேள்வியை நான் அவரிடம் கேட்கவே இல்லை.”

“பிறகு என்ன கேட்டாய்?”

அவள் அந்தப் பக்கக் கதவையே பார்த்தபடி சொன்னாள்:

“கடவுச்சீட்டுக் கேட்டு அவருடைய தூதரகத்துக்குள் போன என் அண்ணன் எங்கே?”