ஆக்சிலேட்டர் நிற்கும் இடம்

கையை எடுத்தான். பைக்கின் ஆக்சிலேட்டர் திரும்பி வரவில்லை. நின்றது.

நிற்கத்தான் வேண்டும். ஆனால் நின்ற இடம் தப்பு.

மறுபடி முறுக்கிவிட்டுக் கையை எடுத்தான். அவனுடைய இடத்துக்கு ஒரு விரல் முன்னதாகவே சிக்கிக்கொண்டது.

வெளியே ஓடுகிற எந்த வண்டிக்கும் இது கோளாறு. கையை எடுத்தால் ஆக்சிலேட்டர் தானாகத் திரும்பிவிட வேண்டும். சிக்கினால் ஆளைக் கொண்டுபோய் லாரிக்கு அடியில் சொருகிவிடும்.

பொருட்காட்சியில் அவன் ஓட்டுகிற மரணக் கிணற்றில் அப்படி இல்லை. பலகைச் சுவரில் வண்டி படுத்தபடி சுற்றும்போது அவன் இரண்டு கைகளையும் விரிப்பான். மேலே நிற்கிற சனம் ஓவென்று கத்தும். அப்போது ஆக்சிலேட்டர் விட்ட இடத்திலேயே நின்றால்தான் அவன் உயிரோடு இறங்குவான். அதற்காகக் கைப்பிடிக்குள் சைக்கிள் டியூபைச் சுற்றி, பிளேடால் ஒரு கீறல் போட்டு வைத்திருந்தான். அடியில் இருக்கிற ஸ்க்ரூவின் முனை அந்தக் கீறலில் விழுந்து பிடித்துக்கொள்ளும்.

பதினோரு வருஷமாக அதே இடத்தில்தான் கீறல். அவனுடைய எழுபத்தாறு கிலோவைச் சுவரில் நிறுத்தி வைத்த கீறல்.

முதல் காட்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. தூசி அடைத்திருக்கும் என்று நினைத்துக் கைப்பிடியைக் கழற்றினான்.

டியூப் புதுசு.

கீறலும் புதுசு.

பார்க்காமல் ஏறியிருந்தால், கையை விரித்ததும் வேகம் பற்றாமல் வண்டியோடு சரிந்து கீழே கிடந்திருப்பான். நேற்றைய கடைசிக் காட்சி வரை அவன் கீறல்தான் இருந்தது. இன்று காலையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

எவன் கை வைத்தது? கிணற்றில் கார் ஓட்டுகிற மாசானம் தொண்ணூறு கிலோ. அவனுக்கு இந்த வேகம் எந்த மூலைக்கு? முதலாளிக்கு வண்டியில் உட்காரவே பயம். இது எடை குறைந்த ஆளுக்குப் போட்ட கீறல்.

டியூபைக் கட்டியிருந்தது பச்சைத் தையல் நூல்.

பேச்சித்தாயின் டப்பாவில் இருக்கிற நூல்.

பேச்சித்தாய் அவன் மனைவி. வாசலில் உட்கார்ந்து டிக்கெட் கிழிப்பவள். கல்யாணமான புதிதில் அவன்தான் அவளுக்கு வண்டி சொல்லிக் கொடுத்தான். பாதிச் சுவர் வரை ஏறுவாள். வயிற்றில் பிள்ளை தங்கியதும் போதும் என்றான். இறங்கிவிட்டாள்.

ஐந்து நாளாகக் காலையில் அவளுக்கு மீன் வேண்டியிருந்தது. பக்கத்துக் கடை மீன் நாறுகிறதாம். துறைமுகத்துக்குப் போய் வாங்கி வரச் சொன்னாள். போக வர இரண்டு மணி நேரம். இந்தக் கிறுக்கனும் தினம் பஸ் ஏறிப் போய், செவுளைத் தூக்கிப் பார்த்துச் சாளை பொறுக்கினான். அவள் இங்கே சுவரில் ஏறிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அதைக்கூட விட்டுவிடலாம்.

போன மாதம் சுவரின் உச்சியில் அவனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு தடவை. அவளிடம் மட்டும்தான் சொன்னான். முதலாளி காதுக்குப் போனால் மறுநாளே டிக்கெட் கிழிக்க உட்கார்த்திவிடுவார், மூச்சு விடாதே என்றான். மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

முதலாளிக்குத் தெரியாமல் இந்த வண்டியை யாரும் ஒரு அடி நகர்த்த முடியாது.

வெளியே மைக்கில் மாசானத்தின் குரல் கேட்டது. இன்று முதல் கிணற்றில் ஒரு வீரப் பெண்மணியாம். இரண்டு கைகளையும் விட்டுவிட்டு ஓட்டுவாளாம்.

முதலாளியிடம் சொல்லி, கூடவே இருந்து குழி பறித்துவிட்டாள்.

கிணற்றின் அடிக்கதவு திறந்தது. குனிந்து உள்ளே வந்தாள். அவனுடைய பழைய ஜீன்ஸ் பேன்ட், கணுக்காலில் மடித்துவிட்டு, இடுப்பில் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தாள். பிரிந்து கிடந்த கைப்பிடியைப் பார்த்ததும் அங்கேயே நின்றாள்.

"சொல்லத்தான் வந்தேன்" என்றாள். "முந்தாநாள் கண்ண மூடிக்கிட்டே ஒரு சுத்து சுத்துனிய. நான் கீழ நின்னு பாத்துட்டு நிக்கேன்."

அவள் முகத்தைப் பார்த்தால் அடித்துவிடுவோமோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது. டியூபை வெளிச்சத்துக்குத் திருப்பி, கீறலில் நகத்தை விட்டுப் பார்த்தான்.

ஆழம் போதாது.

இரண்டு சுற்று தாங்கும். மூன்றாவது சுற்றில் ரப்பர் சூடாகி இளகும். ஸ்க்ரூ வழுக்கி வெளியே வந்துவிடும். ஆக்சிலேட்டர் திரும்பி, வேகம் விழும். அவள் இரண்டு கைகளையும் விரித்திருப்பாள்.

எடுத்த மாதிரியே மாட்டி, ஸ்க்ரூவை முடுக்கிவிட்டால் போதும். இவன் கழற்றிப் பார்த்தான் என்று யாருக்குத் தெரியும்? அவளேதான் மாட்டினாள், அவளேதான் கீறினாள்.

அப்படி ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் போகவில்லை. கொஞ்ச நேரம் கூடவே இருந்தது.

பிறகு டியூபைப் பிய்த்து எறிந்தான். பச்சை நூலையும் எறிந்தான். பெட்டியிலிருந்து வேறொரு டியூபை எடுத்து, நீளமாக வெட்டினான்.

"எத்தன கிலோட்டி இருக்க?"



"அம்பது."

பிளேடு ரப்பருக்கு மேலேயே நின்றது. இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன எதையும் அவன் சந்தேகப்பட்டு இரண்டாம் தடவை கேட்டதில்லை.

"ராட்டினத்துக்குப் பக்கத்துல எட மிஷின் நிக்கி. ஏறிப் பாத்துட்டு சீட்டக் கொண்டா."