மீதி ஐந்து சென்டிமீட்டர்

மூன்றாம் வகுப்பு டீச்சர் கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினார்: 'ஒரு சாக்பீஸ் 3 செ.மீ. தேய்ந்துவிட்டது. மீதி 5 செ.மீ. இருக்கிறது. முதலில் அதன் நீளம் என்ன?'

"மீதின்னு வந்தா என்ன செய்யணும்?"

"கழிக்கணும் டீச்சர்!" என்று கத்திவிட்டு, பிள்ளைகள் நோட்டில் 2 என்று எழுதினார்கள்.

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸுக்குப் பொறுக்கவில்லை. மேசைமேல் கிடந்த மரஸ்கேலிடம் கேட்டது: "தேய்ஞ்ச பிறகே அஞ்சு இருக்கேன். புதுசுல எப்படிண்ணே ரெண்டா இருந்திருப்பேன்?"

"உன்னைப் பார்த்தா கணக்குப் போடுறாங்க?" என்றது ஸ்கேல். "நான் வந்து நாலு வருஷம் ஆச்சு. ஒரு பென்சிலைக்கூட அளக்க விட்டதில்லை."

அப்போது கடைசி வரிசையிலிருந்து பூவிழி எழுந்தாள். "எட்டு டீச்சர். தேய்ஞ்சதையும் சேர்த்தாத்தானே முழு சாக்பீஸ்?"

டீச்சர் ஸ்கேலைக் கையில் எடுத்தார்.

"அண்ணே, அளக்கப் போறாங்க!" என்று துள்ளியது சாக்பீஸ்.

டீச்சர் கடைசி வரிசைக்கு நடந்தார்.

"மீதின்னு போட்டிருக்கும்போது எதுக்குடி கூட்டின? நீட்டு கையை."

பூவிழியின் உள்ளங்கையில் சிவந்த கோடு ஆறு சென்டிமீட்டர் இருந்தது. ஸ்கேலுக்கு அதை அளக்கத் தெரிந்திருந்தது.